661-ஆ, 395-ஆ? பெரிய தடி அறுக்க எந்தச் செயின்சா

90 சிசி அளவில் செயின்சா தேடுகிறவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று ஸ்டில் எம்எஸ் 661, இன்னொன்று ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி. நானும் அங்கேதான் வந்து நின்றேன். வாங்கியது 395. இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம்தான் சாயும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 661 பொருத்தமாக இருக்கும் ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. நத்தம், திண்டுக்கல் பக்கம் புளி, மா, வாகை, தூங்குமூஞ்சி மரங்களை வெட்டிப் போட்டால் அடித்தடி மூன்றடி அகலம் வரும். அதை லாரியில் ஏற்ற கிரேன் வேண்டும். ஏற்றிக்கொண்டு போனாலும் எல்லா மர மில்லிலும் அந்த அகலத்தை எடுக்க மாட்டார்கள். அதனால் கிடக்கிற இடத்திலேயே செயின்சாவை ஓர் அலுமினியச் சட்டத்தில் மாட்டி, நீளவாக்கில் இரண்டு இரண்டரை அங்குலப் பலகையாக இழுத்து எடுப்போம். மேஜைப் பலகைக்கு இப்போது நல்ல கிராக்கி. மரம் சாய்ப்பதிலும் துண்டு போடுவதிலும் மெஷின் அரை நிமிடம் ஓடும், பிறகு மூச்சு விடும். பலகை அறுக்கும்போது அப்படி இல்லை. செயின் சுற்றி ஓடும் 36 அங்குல இரும்புப் பட்டை, அதாவது பார், முழுக்க மரத்துக்குள் இருக்க, ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்தபடி பல நிமிடங்கள் ஓட வேண்டும். வைரம் பாய்ந்த புளியில் இது எஞ்சினுக்குப் பெரிய சோதனை.

சரி, காகிதத்தில் இருப்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். 661-க்கு 91.1 சிசி, 5.4 கிலோவாட், பாரும் செயினும் இல்லாமல் 7.4 கிலோ. 395-க்கு 93.6 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. அதாவது ஸ்டில் அரைக் கிலோ குறைவான எடையில் அரைக் கிலோவாட் கூடுதலாகத் தருகிறது. அறுக்கும்போதும் அது தெரியும். புது செயின் போட்டு ஒரே தடியில் அடுத்தடுத்து இழுத்தால் 661 முன்னால் போகும், இதில் சந்தேகமே இல்லை. எரிபொருளும் அதில் குறைவு. எரிந்த புகையை வெளியே தள்ள, பெட்ரோல்-காற்றுக் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை உள்ளே விடும் அமைப்பு அதில் இருக்கிறது. அதனால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியாக வீணாவது குறைகிறது. 395 பழைய நேரடி டூ-ஸ்ட்ரோக், தாராளமாகக் குடிக்கும். அதிர்வு குறைவது, காற்று வடிகட்டி இரண்டிலும் கூட 661-க்கே மதிப்பெண். பலகை அறுக்கையில் பறக்கும் தூள் மாவுபோல் இருக்கும். அந்த வடிகட்டி அதை நன்றாகத் தடுக்கிறது, கழுவவும் சுலபம்.

எடையை வைத்து முடிவெடுப்பவர்களிடம் ஒரு கேள்வி: மெஷினைக் கையில் தூக்கிப் பிடித்து வேலை செய்யப்போகிறீர்களா, சட்டத்தில் வைத்துத் தள்ளப்போகிறீர்களா? சட்டத்தில் என்றால் எடையைத் தடியே தாங்கிக்கொள்ளும், அரைக் கிலோவைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். கிளை கழிப்பதற்கு என்றால் இந்த இரண்டுமே வேண்டாம், 50 சிசி போதும்.

இவ்வளவு இருந்தும் ஏன் 395? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்காகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நம் பங்க்கில் இன்று கிடைக்கும் பெட்ரோலுக்கும் அந்தக் கார்புரேட்டருக்கும் உள்ள உறவுக்காக.

2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் ஆரம்பித்த இ20 பெட்ரோல், 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைவான காற்று போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு என்றால், இ20-க்கு 13.5 பங்கு அளவில் வரும். கலவையின் அளவை வைக்கும் கார்புரேட்டர் திருகாணியைப் பழைய பெட்ரோலுக்கு வைத்தபடியே விட்டு இ20 ஊற்றினால் எஞ்சினுக்குக் கலவை எட்டு சதவீதம் போல மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. காரில் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். செயின்சாவில் கலவை மெலிந்தால் சூடு ஏறும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, கலவை மெலிந்தால் அதுவும் குறையும். துண்டு போடும் வேலையில் இதிலிருந்து தப்பித்துவிடலாம். பலகை அறுக்கும் வேலையில் பிஸ்டன் கோடு கோடாகக் கீறி, சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒருவரின் நல்ல மெஷின் இப்படித்தான் ஒரு மாமரத்தில் நின்றுபோனது. பிஸ்டனை எடுத்துப் பார்த்தபோது சைலன்ஸர் பக்கம் முழுக்கக் கீறல்.

இந்த இடத்தில் 661-க்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 661 இரண்டு விதமாக வருகிறது. சாதாரணக் கார்புரேட்டர் வைத்தது ஒன்று. எம்-டிரானிக் என்ற மின்னணுக் கட்டுப்பாடு வைத்த 661 சி-எம் இன்னொன்று. எம்-டிரானிக்கில் திருகாணியே கிடையாது. எஞ்சின் ஓடும் விதத்தைப் பார்த்து அதுவே எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். 25 சதவீதம் எத்தனால் வரை முழுச் சக்தி தரும் என்று ஸ்டில் கையேடே சொல்கிறது. கையால் திருத்தும் கார்புரேட்டர் உள்ள மெஷின்களுக்கு அதே நிறுவனம் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஹஸ்க்வர்னாவும் 395-க்கு 10 சதவீதம்தான் சொல்கிறது. காகிதப்படி பார்த்தால் இ20 காலத்துக்கு ஏற்றது சி-எம்தான். சமவெளியில் ஒரு வாரம், ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் என்று வேலை பார்ப்பவருக்கும் அதுதான் வசதி. மேலே காற்று மெலியும்போது கலவை தடிக்கும், அதாவது அதில் பெட்ரோலின் பங்கு கூடும். அதை ஒவ்வொரு முறையும் கையால் திருத்துவது தொல்லை.

ஆனால் எம்-டிரானிக் கலவையைத்தான் பார்த்துக்கொள்ளும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதை அது தடுக்காது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது! ரப்பர்க் குழாய், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு எல்லாம் மெதுவாக விறைக்கும் அல்லது ஊதும். அப்படி ஏதாவது கோளாறு வந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியிலா, வால்விலா, சாதாரணக் குழாயிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் டீலரிடம் இருக்கும் சோதனைக் கருவியில் மாட்ட வேண்டும். என் வேலை நடக்கும் இடத்திலிருந்து அப்படி ஒரு கருவி உள்ள கடைக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். மெஷினை விட்டுவிட்டு வந்தால் எத்தனை நாளோ. அதற்குள் தடி வெயிலில் வெடித்துவிடும். வெடித்த பலகைக்கு விலை இல்லை.

395-இல் இருப்பது வால்ப்ரோ கார்புரேட்டர், மூன்று திருகாணி, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். டயஃப்ரம் செட்டை ஒரு சாக்கை விரித்துப்போட்டு மரத்தடியிலேயே மாற்றலாம். பைக் கார்புரேட்டர் பார்த்துப் பழகிய எந்த மெக்கானிக்கும் ஒருமுறை திறந்து பார்த்தால் பிடித்துக்கொள்வார். இ20 ஊற்றினால், முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எச் திருகாணியைக் கொஞ்சம் திறந்து கலவையைத் தடிப்பாக்குகிறேன். எவ்வளவு என்பதைக் காது சொல்லும். சுமை இல்லாமல் முழு வேகத்தில் விட்டால் ஓட்டம் சீராகக் கத்தாமல் சற்றே தடதடவென்று உடைந்து கேட்க வேண்டும். பார் மரத்துக்குள் இறங்கியதும் அந்த உடைசல் மறைந்து ஓட்டம் தெளிய வேண்டும். சுமை இல்லாதபோதே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் கலவை மெலிவு, உடனே நிறுத்திவிட வேண்டும். பலகை வேலைக்குக் கையேடு சொல்லும் உச்ச வேகத்துக்குச் சில நூறு சுற்றுகள் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது. சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் காதுக்கும் துணை.

சாதாரணக் கார்புரேட்டர் உள்ள 661-இல் இதையே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் அந்த முன்காற்று அமைப்பால் தடித்த கலவைக்கும் மெலிந்த கலவைக்கும் உள்ள ஓசை வித்தியாசம் என் காதுக்கு அவ்வளவு தெளிவாகப் பிடிபடவில்லை. இரவல் வாங்கி ஓட்டியதை வைத்துத்தான் சொல்கிறேன். அதையே தினமும் ஓட்டுகிறவருக்குப் பழகியிருக்கும்.

பெட்ரோலில் கலக்கும் ஆயில் விஷயத்திலும் கவனம் வேண்டும். இரண்டு நிறுவனங்களும் சொந்த ஆயிலுக்கு 1:50 என்கின்றன, அதாவது ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. வெளி ஆயில் என்றால் ஹஸ்க்வர்னா 1:33, ஐந்து லிட்டருக்கு 150 மில்லி. ஸ்டில்லின் பழைய கையேடுகளில் 1:25, அது 200 மில்லி. பாதுகாப்புக்காக ஆயிலைக் கூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். ஆயில் கூடினால் அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் குறையும். கலவை இன்னும் மெலியும்! விகிதத்தை மாற்றினால் திருகாணியையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலக்காதது என்று பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் விற்கிறார்கள். விலை அதிகம். கிடைக்கும்போது கேனில் வாங்கி வைத்துக் கனமான தடிகளுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். கேனில் இருப்பதில் எத்தனால் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி, திறந்தவெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் நிறுத்தி வையுங்கள். அடியில் தண்ணீர்க்கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. மேலே ஏறினால் கலந்திருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் ஊற்றிய நாளில் மாலையே டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட விட்டுத்தான் வைப்பேன். குழாயும் டயஃப்ரமும் வருடத்துக்கு ஒருமுறை, கெட்டாலும் கெடாவிட்டாலும் மாற்றம். இ20 ஊற்றுவது கையேட்டின் வரம்பைத் தாண்டுவது. வாரண்டி இருக்கும் காலத்தில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரி பாகத்தில் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். 661-க்கு முந்தையது 660. ஊரில் பழைய 660-கள் நிறைய, அதற்கான மலிவுப் பாகங்களும் போலிகளும் அதைவிட நிறைய. ‘661-க்கும் இதுவே சேரும்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். 660-இன் பிஸ்டன் 54 மில்லிமீட்டர், 661-இன் பிஸ்டன் 56. சேராது. 395 நீண்ட காலமாகப் பெரிதாக மாறாமல் வரும் வடிவம் என்பதால் இந்தக் குழப்பம் குறைவு. பாரும் அப்படித்தான். ஸ்டில் பார் ஹஸ்க்வர்னாவில் நேரடியாக உட்காராது, செயின் ஓடும் பள்ளத்தின் அகலமும் வேறு. பொதுவாக ஸ்டில்லுக்கு 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவுக்கு 1.5. வீட்டில் ஏற்கெனவே ஸ்டில் மெஷின்களும் பெரிய பார்களும் இருந்தால், அதுவே 661 வாங்கப் போதுமான காரணம்.

செயின் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அதைத் தீட்டும் முறை எந்த மெஷினுக்கும் ஒன்றுதான். நீளவாக்கில் அறுக்கப் பல்லின் கோணத்தை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், பலகையின் முகம் வழுவழுப்பாக வரும். சாலையோரப் புளியில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டரால் ஒருமுறை தடவிவிடுங்கள். 36 அங்குலத்துக்கு மேல் பார் போட்டால், செயினுக்கு ஆயில் விடும் பம்ப் இரண்டு மெஷினிலும் திணறும், பாரின் நுனியில் தனியாக ஆயில் சொட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஹஸ்க்வர்னாவிலேயே புதிதாக வந்த 592 எக்ஸ்பி பற்றியும் கேட்கிறார்கள். 92.7 சிசி, 5.6 கிலோவாட், 7.4 கிலோ. 661-ஐ நேருக்கு நேர் சந்திக்க வந்த மெஷின். ஆனால் ஆட்டோடியூன் என்ற மின்னணுக் கட்டுப்பாடு அதில் உண்டு, அதனால் மேலே எம்-டிரானிக்குக்குச் சொன்ன அதே கேள்வி இதற்கும் பொருந்தும்.

நீங்கள் எஸ்டேட்டில் மரம் சாய்க்கும் ஒப்பந்த வேலை பார்க்கிறீர்கள், மெஷினை நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கிறீர்கள், சோதனைக் கருவி உள்ள டீலர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார் என்றால் 661 சி-எம் வாங்குங்கள். எடை, வேகம், பெட்ரோல் மூன்றிலும் லாபம். என்னைப்போல் தடி கிடக்கும் இடத்தில் சட்டம் மாட்டி, டவுனிலிருந்து தள்ளி வேலை பார்ப்பவர் என்றால் 395. எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் டயஃப்ரம் செட், ஸ்டார்டர் ஸ்பிரிங், கிளட்ச், ஆயில் பம்ப், ஸ்பிராக்கெட் இந்த ஐந்தும் இப்போது அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஆர்டர் போட்டால் வரும்’ என்று பதில் வந்தால், அடுத்த கடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.