ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் பெட்டி: பழைய டாஸுக்கும் சிட்டி கோல்ஃபுக்கும் எவ்வளவு பயன்?

வாரத்துக்கு அரை லிட்டர் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது, நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டொயோட்டா டாஸிலும் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. டாஸ் தயாரிப்பு 2006இல் நின்றது, சிட்டி கோல்ஃப் 2009இல். ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் அண்ணா, கழற்றிப் பார்த்துடலாம்" என்று (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு அது) பட்டறையில் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். தலையாட்டும் முன் பதினைந்து நிமிடம் செலவழித்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்கான கருவிதான் கைப்பம்பு பிரஷர் டெஸ்டர்.

சந்தையில் பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: அழுத்தமானி பொருத்திய கைப்பம்பு, ஒரு ரப்பர் குழாய், வெவ்வேறு ரேடியேட்டர் வாய்களுக்கான அடாப்டர்கள், மூடியையே சோதிக்க ஒரு இணைப்பு. எஞ்சின் ஓடாமலேயே உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிடுவதுதான் இதன் வேலை. வண்டி சூடாக ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டிலேயே ஆவியாகிவிடும் தண்ணீரைக் குளிர்ந்த எஞ்சினில் கண்ணால் பார்க்க முடிகிறது.

முதலில் மூடியைச் சோதியுங்கள். பெட்டியில் பலரும் தொடாமல் விடும் பகுதி இதுதான், ஆனால் மிக மலிவாகத் தீரும் கோளாறும் இதுவே. பழைய டொயோட்டா மூடியின் மேல் 0.9 என்று அச்சிட்டிருக்கும், அது பார் என்ற அழுத்த அலகில். ரப்பர் வளையத்தைத் தண்ணீரில் நனைத்து, இணைப்பில் பொருத்தி பம்பு அடித்தால் 0.75க்கும் 1.05 பாருக்கும் இடையில் திறக்க வேண்டும். 0.6க்குக் கீழேயே விட்டுவிட்டால் மூடியை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. டர்பனில் கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் தாங்கும் மூடி அதை 119 டிகிரி வரை தள்ளிவைக்கும். ஜோஹன்னஸ்பர்க் உயரத்தில் கொதிநிலை 94க்கு இறங்கிவிடுகிறது. அதனால் டர்பனில் ஒளிந்துகொண்டிருந்த சோர்ந்த மூடி, டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் ஏறி, வான் ரீனன் கணவாயைத் தாண்டும்போது தன் குணத்தைக் காட்டும். மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வெற்றிட வால்வையும் விரலால் இழுத்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது ஓவர்ஃப்ளோ பாட்டிலில் இருந்து தண்ணீர் திரும்பி வராது. மேல் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாகிக் கிடப்பது அதன் அடையாளம்.

அடுத்து வண்டி. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலே, ஆற ஆற முள் தானாக இறங்கி, இல்லாத கசிவைக் காட்டும். தண்ணீரைக் கழுத்துவரை நிரப்புங்கள், காற்று மிஞ்சினால் முள் மந்தமாக நகரும். ஹீட்டர் லீவரைக் கடைசிவரை சூட்டுப் பக்கம் தள்ளுங்கள். டர்பன்காரர்கள் பெரும்பாலும் மறக்கும் இடம் இது. இங்கே ஹீட்டரைத் தொடாமலே ஆண்டுகள் ஓடிவிடும். வால்வு மூடியே இருந்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) சோதனைக்கே வராது. பிறகு டிராக்கன்ஸ்பர்க் போகும் குளிரில் ஹீட்டரைத் திறக்கும்போதுதான் முன் பயணி காலடிக் கம்பளம் நனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படியும்.

மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கே பம்பு அடியுங்கள். 0.9 பார் என்றால் 13 பி.எஸ்.ஐ. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கசிவு சீக்கிரம் தெரியுமே என்று 1.5க்குப் போகாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்புத்தான் முதலில் பிளக்கும். பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால், குளிர்ந்த நிலையில் வெளிக்கசிவு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

முள் இறங்கினால் டார்ச் எடுத்துத் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் கீழே பச்சையோ இளஞ்சிவப்போ ஆன உப்புப் பொருக்கு, மெழுகுவர்த்தி வழிந்ததுபோல் கோடாக இறங்கியிருந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அழுத்தம் ஏற்றியதும் அந்தப் பொருக்கின் நுனியில் ஒரு முத்து திரண்டு, அரை நிமிடம் தொங்கிவிட்டுச் சொட்டும். சிட்டி கோல்ஃபில் சிலிண்டர் ஹெட்டில் ஹோஸ் சேரும் பிளாஸ்டிக் ஃபிளேஞ்சை முதலில் பாருங்கள். சூட்டில் நொறுங்கி, ஓ ரிங் இருக்கும் பள்ளத்தில் மயிரிழை விரிசல் விடும். கடற்காற்று படும் இடங்களில் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி ஃபின்களும் கீழ் ஹோஸின் கிளிப்பும் துருவுக்கு முதல் பலி. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், குறிப்பாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் வெல்ஷ் பிளக்குகளை (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் உலோக மூடிகளை) பார்க்கக் கண்ணாடித் துண்டு ஒன்று வேண்டியிருக்கும்.

வண்டிக்கடியில் ஈரம் பார்த்ததும் கூலன்ட் (ரேடியேட்டர் திரவம்) என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த ஊர் ஈரப்பதத்தில் ஏசி வடிகுழாய் அரைமணியில் ஒரு குவளை தண்ணீர் விடும். விரலில் தொட்டுத் தேய்த்தால் ஏசி தண்ணீர் வெறும் தண்ணீர்தான். கூலன்ட் வழுக்கும், நிறமிருக்கும், தித்திப்பாக மணக்கும். நாக்கில் வைக்கக் கூடாது, அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள், அந்தத் தித்திப்பு அவற்றை இழுக்கும்.

வெளியே ஒன்றுமில்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. இங்கேதான் இந்தக் கருவி தன் விலைக்கு உண்மையாக வேலை செய்கிறது. 0.3 பார் மட்டும் ஏற்றிவிட்டு, டெஸ்டரைக் கழற்றாமல் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடேறி விரிவதால் முள் மெல்ல ஏறுவது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் விர்ரென்று ஏறினால், எரிந்த வாயு கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது. ஏறும்போது முள் ஒரு தாளத்தோடு துடித்தால் பழுது ஒரு சிலிண்டரில். அப்போது எஞ்சினை நிறுத்தி, ஒரு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எர்த் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு பிளக்காக இப்படிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரின் வயரை எடுத்தபோது துடிப்பு நிற்கிறதோ அங்கே கேஸ்கட் போயிருக்கிறது. டெஸ்டர் பொருத்தியிருக்கும்போது மூடி இல்லை, அழுத்தம் தானாக வெளியேற வழியில்லை. 0.9 நெருங்கியதும் எஞ்சினை நிறுத்தி, வால்வை அழுத்தி விடுவிக்க வேண்டும். சூடான எஞ்சினில் அடாப்டரைத் திருகிக் கழற்றப் போனால் முகம் வெந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் இரவு முழுவதும் அழுத்தத்தில் விட்டுவிட்டு, காலையில் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு ஸ்டார்ட்டரை ஓட விடுங்கள். கசியும் சிலிண்டரின் ஓட்டையிலிருந்து தண்ணீர் தூவும். பிளக் இருக்கும்போதே ஸ்டார்ட்டரைத் திருப்பினால், உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைத் தூக்கிவிடாதீர்கள். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் கோத்து அதே பாலாடை வரும். டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தால்தான் கவலை.

பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மலிவான பெட்டிகளில் டெஸ்டரே கசியும். குழாய் மாட்டும் இணைப்பில் உள்ள ஓ ரிங் சன்னமானது. வண்டியைக் குற்றம் சொல்லும் முன், புது மூடி ஒன்றை இணைப்பில் மாட்டி 0.7 வரை ஏற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கோளாறு கருவியில்தான். 2.5 பார் வரை போகும் அளவுமானியில் 0.9ஐச் சுற்றி நுணுக்கமாகப் படிப்பது கடினம், முள் நிற்குமிடத்தில் ஒரு பேனாக் கோடு போட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் அடாப்டர்கள் இரண்டு மூன்று ஆண்டில் காது உடையும், உலோகமாகப் பார்த்து எடுங்கள்.

கூடவே பிளாக் டெஸ்டர் திரவமும் வாங்கி வைத்தால் தீர்ப்பு உறுதியாகும். ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, மேலே வரும் வாயுவை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். டீசல் பக்கியில் (பிக்கப் வண்டியில்) பச்சைவரை வந்தாலே சந்தேகப்படலாம். தண்ணீர் மட்டத்தை முதலில் ஐந்து சென்டிமீட்டர் இறக்கிவிடுங்கள். கூலன்ட் திரவத்துக்குள் ஏறிவிட்டால் அந்தச் சோதனை வீண்.

கசிவை நிறுத்தும் பொடிகளை இந்தப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிடும் கடைகள் உண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மெல்லிய ஹீட்டர் குழாய்களைத்தான் முதலில் அடைக்கும். பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன், உங்கள் வண்டியின் மூடியைக் கையோடு எடுத்துப் போங்கள். டாஸின் காது வைத்த மூடிக்கும் சிட்டி கோல்ஃபின் பிளாஸ்டிக் பாட்டில் திருகு மூடிக்கும் அடாப்டர் வேறு. இரண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.