வாங்கலாமா என்று கேட்ட தோழருக்கு: கந்தக டிடெக்டருடன் 6 ஆண்டுகள்

போன வியாழக்கிழமை எங்கள் டிடெக்டரின் எரிகலத்தில் உள்ள பீங்கான் குழாயை மறுபடியும் மாற்றினோம். 6 ஆண்டுகளில் இது 14-ஆவது. அன்று மாலையே கல்லூரித் தோழர் ஒருவர் அழைத்தார். தங்கள் ஆய்வகத்துக்கும் எரிபொருளில் உள்ள கந்தகத்தை ஒளியாக்கி அளக்கும் கந்தக கெமிலூமினெசென்ஸ் டிடெக்டர் வாங்க எண்ணுகிறார்களாம், விற்பனையாளர் விலையை நன்றாகக் குறைத்திருக்கிறாராம். யோசிக்காமல் "வேண்டாம்" என்றேன். பார்க்கும்போதெல்லாம் அதைப் புகழ்ந்தவன் நான் என்பதால் அவருக்குத் திகைப்பு. போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முன்பு எங்களிடம் இருந்தது சுடர் ஒளி டிடெக்டர். அதில் கந்தகம் இரட்டித்தால் குறிகை, அதாவது கருவி காட்டும் அளவு, ஏறக்குறைய நான்கு மடங்காகும். கூடவே ஹைட்ரோகார்பன் வெளிவந்தால் ஒளி மங்கிவிடும். பெட்ரோலில் தயோஃபீன் என்ற கந்தகச் சேர்மத்தைத் தேடுபவருக்கு இது தீராத தலைவலி. புதியதில் அந்தத் தொல்லை இல்லை. எந்த மூலக்கூறில் இருந்தாலும் கந்தக அணு எரிந்து கந்தக மோனாக்சைடாகிறது. அது ஓசோனுடன் சேர்ந்து ஒளிர்கிறது. மெர்காப்டன் என்ற வேறு வகைக் கந்தகச் சேர்மமோ தயோஃபீனோ, ஓர் அணுவுக்குக் கிடைக்கும் ஒளி ஒன்றே. பெயர் தெரியாத சேர்மத்தின் முகட்டையும், கந்தக அளவு தெரிந்த ஒரே தரக்கரைசலை வைத்து அளந்துவிடலாம். இந்த நேர்மைக்காகவே நான் அதை நேசிக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சி. வாடிக்கையாளர் ஒருவரின் டீசலில் மொத்தக் கந்தகம் 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு) வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம். வரம்பு 10 பிபிஎம். மொத்தக் கந்தகத்தை அளக்கும் புறஊதா ஒளிர்வுக் கருவி அந்த ஓர் எண்ணைத்தான் தரும், காரணம் சொல்லாது. ஆழமாகக் கந்தகம் நீக்கிய டீசலில் எஞ்சுவது பெரும்பாலும் 4,6-டைமெத்தில் டைபென்சோதயோஃபீன் வகையறா. கந்தகத்தின் இரு பக்கமும் மெத்தில் குழுக்கள் காவல் நிற்பதால் வினையூக்கி அதை எளிதில் நெருங்க முடியாது. சேர்மங்களைத் தனித்தனி முகடுகளாகக் காட்டும் எங்கள் குரோமடோகிராமில் அவற்றோடு பென்சோதயோஃபீன்களும் வரிசையாக நின்றன. அவை ஹைட்ரஜனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் முதலிலேயே போய்விட வேண்டியவை. சுத்திகரிக்காத மண்ணெண்ணெய் போன்ற ஏதோ ஒன்று வழியில் கலந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது. டேங்கரின் முந்தைய சுமையை விசாரித்தபோது அதுவே உறுதியானது. அன்று இரவு வீட்டில் இதைத் தவிர வேறெதையும் நான் பேசவில்லை.

ஆனால் அந்தப் பீங்கான் குழாய்! சேர்மங்களைப் பிரிக்கும் குரோமடோகிராஃப் குழலிலிருந்து கசியும் சிலிக்கானும் டீசலின் கனமான பகுதியும் அதில் படிந்துகொண்டே இருக்கும். குறிகை ஒரே நாளில் விழுந்தால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். இது வாரத்துக்கு ஒன்றிரண்டு சதவீதமாகத் தேயும். காலையில் ஒரு தரக்கரைசல், மதியம் ஒரு தரக்கரைசல் என்று ஓட்டாவிட்டால் தவறான எண்ணுக்குக் கையெழுத்திட்டுவிடுவோம். எங்கள் ஆய்வகத்திலிருந்து அப்படி ஓர் அறிக்கை போய்விட்டது. திரும்பப் பெற்று, மன்னிப்புக் கேட்டு, வேறு அறிக்கை கொடுத்தோம். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

மாற்றுவதும் எளிதன்று. எரிகலம் ஆற ஒரு மாலை. இறுக்கம் சற்றுக் கூடினால் குழாயில் விரிசல் விழும். பொருத்திய பின் அடிக்கோடு (மாதிரி இல்லாதபோது கருவி வரையும் கோடு) படிய ஓரிரு நாள். அதற்குள் மாதிரிகள் குவியும். மெர்காப்டன் உள்ள பெட்ரோலை அப்படிக் காக்க வைக்கக் கூடாது. கருவியின் விலையைக் குறைக்கும் விற்பனையாளர் குழாய் விலையைக் குறைப்பதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பம்ப் எண்ணெய், ஓசோன் வடிகட்டி எல்லாம் வழக்கமான பராமரிப்பு. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன்.

தோழரின் ஆய்வகத்தில் வேதியியலாளர்கள் இருவர்தான். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி-5623 சோதனை முறை ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸுக்குள் கொதித்து முடியும் பெட்ரோல் போன்றவற்றுக்கானது. டீசலுக்கான முறையை நாங்களே பல மாதம் உழைத்து உருவாக்கினோம். அந்த உழைப்புக்கு ஒருவரை முழுநேரமும் ஒதுக்க முடியுமா என்று அவரைக் கேட்டேன். பதில் வரவில்லை.

இன்று காலை அடிக்கோடு படிந்துவிட்டது. முதல் டீசல் மாதிரியில் டைபென்சோதயோஃபீன்கள் ஒவ்வொன்றும் ஊசிபோல எழுந்தன; வேலையை விட்டுவிட்டுச் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தோழரே, என் பதில் வியாழக்கிழமை சொன்னதுதான்: வேண்டாம்.