அம்மாவுக்குக் கிடைத்த கூடுதல் நொடிகள்

சிங்கப்பூரில் அம்மாவோடு சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றம்தான், பாதி தூரம் போவதற்குள் சிக்னலில் நடக்கச் சொல்லும் பச்சை மனிதன் மின்ன ஆரம்பித்துவிடுவான். 'கிரீன் மேன் பிளஸ்' உள்ள சிக்னல்களில் அந்தக் கவலை இல்லை. கம்பத்துப் பெட்டியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் போதும், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை நீள்கிறது. 2009-இல் வந்த வசதி. முழங்கால் வலியோடு நடப்பவருக்கு அந்த நொடிகள் எவ்வளவு பெரியவை என்று கூட நடந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே குறை, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே உள்ள சிக்னலில் இந்தப் பெட்டி இல்லை, அம்மா தினமும் சந்தைக்குப் போவதே அந்த வழியாகத்தான். அங்கேயும் சீக்கிரம் வைக்க வேண்டும்.