சிறுகுறிஞ்சான் பொடி வாங்கும்முன் யாரைக் கேட்பது?

சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் சாப்பிடலாமா என்று கேட்டால் தமிழ்நாட்டில் பதில் சொல்ல மூன்று பேர் உண்டு: நாட்டு மருந்துக் கடைக்காரர், மெடிக்கல் ஷாப் மருந்தாளுநர், சித்த மருத்துவர்.

சரக்கைத் தரம் பார்ப்பதில் கடைக்காரரை மருந்தாளுநர் நெருங்கவே முடியாது. கடைக்காரர் பொடியை ஒரு சிட்டிகை நாக்கில் தடவிவிட்டுச் சர்க்கரையை வாயில் போடச் சொல்வார்; நல்ல சரக்கென்றால் இனிப்பே தெரியாது, மணலை மெல்வதுபோல் இருக்கும். அதிமதுரத்தில் குன்றிமணி வேர் கலந்திருந்தாலும் பழகிய கண்ணுக்குத் தப்பாது. ஆனால் நீங்கள் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்பது அபூர்வம். கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கத்தான் சட்டப்படி உரிமம் தேவை, விற்பதற்குத் தேவையில்லை.

மருந்தாளுநர் கையிலோ உங்கள் மருந்துச் சீட்டு இருக்கிறது. அதில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இருந்தால், சிறுகுறிஞ்சானும் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்துக் கொட்டலாம், கை நடுங்கலாம் என்று அவர் எச்சரிக்க முடியும். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு இது இரட்டை ஆபத்து. மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோலுக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூலிகை அவருக்குப் புதிதல்ல, டிப்ளமோவிலேயே பார்மகோக்னசி, அதாவது மூலிகை மருந்துச் சரக்குகளைப் பற்றிய படிப்பு, ஒரு பாடம். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது அவர் பணி என்று 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகளும் சொல்கின்றன.

நடப்பு வேறு. பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்கு உரியவர் இருக்கமாட்டார். இருந்தாலும், மூலிகை கேப்சூல் டப்பாக்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பவரிடம் 'வேண்டாம்' என்ற பதிலை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சரக்கு, நோயாளி இரண்டையும் அறிந்தவர் சித்த மருத்துவர். பல அரசு மருத்துவமனைகளிலும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பார்க்கலாம். காத்திருக்கப் பொறுமை வேண்டும். உங்கள் ஆங்கில மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தினசரி மாத்திரை எதுவும் இல்லாதவர், இருமலுக்கு ஒரு துண்டு அதிமதுரம் வாங்க நாட்டு மருந்துக் கடையே போதும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் பொடியை வாங்குவதற்கு முன்பே மருந்தாளுநரிடம் சீட்டைக் காட்டிக் கேட்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் நேரே மருத்துவரிடம் போகட்டும். சீட்டைப் பார்க்காமலேயே 'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது' என்று மருந்தாளுநர் சொன்னால், வேறு கடை பாருங்கள்.