ஆயில் லைட் எரிந்தால்: ஓட்டிப் போவதா, ஊற்றிப் பார்ப்பதா, ஏற்றி அனுப்புவதா?

ஓடும் காரின் டாஷ்போர்டில் எண்ணெய்க்குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்ததும், பக்கத்து ஒர்க்ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இருக்கும் வழிகளில் மிக ஆபத்தானது அதுதான். பெட்ரோல் குறையும்போது எரியும் விளக்கைப் போல இது முன்கூட்டிச் சொல்வதில்லை. சூடான எஞ்சினில் நெடுஞ்சாலை வேகத்தில் பொதுவாக 2 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டிய ஆயில் பிரஷர், அதாவது எஞ்சினுக்குள் எண்ணெயைத் தள்ளும் அழுத்தம், பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் வரை விழுந்த பிறகுதான் இந்த விளக்கு எரிகிறது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டர் போக 10 நிமிடம் ஆகும், எஞ்சின் வேகம் 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2000 சுற்று) என்று வைத்துக்கொண்டால், அதற்குள் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 20,000 முறை சுற்றிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே உள்ள, அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இடைவெளியில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் அத்தனை சுற்று சுற்றினால் என்ன ஆகும் என்பதை, அப்படி ஓட்டி வரப்பட்ட ஒரு காரின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது நேரில் பார்த்தேன். வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் வெளியே தெரிந்தது. சம்ப்பின் அடியில் தேங்கிய எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னின.

ஆகவே, வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அதன் பிறகே மற்ற இரண்டு வழிகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு, அதைத் தீர்மானிப்பது எண்ணெய் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக். சமதளத்தில் ஐந்து, பத்து நிமிடம் காத்திருந்து, டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துவிட்டு மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்து, வண்டிக்கு அடியில் ஒழுகலும் இல்லையென்றால், உரிய கிரேடு (எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் வகை) எண்ணெயை ஊற்றிப் பார்ப்பது நியாயமான வழி. பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். ஊற்றிய பின் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுபேச்சின்றி நிறுத்திவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், எண்ணெய் ஊற்றுவதால் பயன் இல்லை. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கி, இருக்கும் பிரஷரையும் கெடுக்கும். அளவு சரியாக இருக்கும்போது, காரை இன்னொரு வண்டியில் ஏற்றி ஒர்க்ஷாப்புக்கு அனுப்புவது ஒன்றே வழி. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் உதவி கேட்கலாம். கயிறு கட்டி இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரின் துணை இருக்காது, பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் இறுகிவிடும், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸும் பழுதாகலாம்.

ஒர்க்ஷாப்பிலும் இரண்டு வழிகள் எதிரெதிராக நிற்கின்றன. விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சை மாற்றிப் பார்ப்பது எளிது, செலவும் குறைவு. சுவிட்ச் கெட்டுப் பொய்யாக விளக்கு எரிவதும் உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் அந்தச் சுவிட்சைக் கழற்றிய துளையிலேயே ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) 2000 ஆர்.பி.எம்.மிலும் பிரஷரை அளந்துவிட்டால், குறை சுவிட்சிலா, அல்லது ஆயில் பம்ப், கசடு அடைத்த ஸ்ட்ரெய்னர் (எண்ணெயை வடிகட்டும் வலை), தேய்ந்த பேரிங் இவற்றில் ஒன்றிலா என்பது பெருமளவு பிடிபட்டுவிடும். அளக்காமல் சுவிட்சை மாற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

5டபிள்யூ-30 கிரேடு எண்ணெய் கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் பிரஷர் கூடி விளக்கு அணையலாம், ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். பழைய வண்டியை விற்பதற்கு முன் சிலர் இதைச் செய்வதுண்டு என்பதால், வாங்குபவர் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு அந்த விளக்கு மின்னுகிறதா என்று பார்ப்பதோடு, கடைசியாக எந்த கிரேடு ஊற்றினார்கள் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.