பழைய சோனி 7600ஜிஆரா, புது டெக்சன் பிஎல்-680ஆ?

சோனியின் ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் என்ற கையடக்க சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ 2001-இல் வந்தது. 2018 வாக்கில் தயாரிப்பு நின்றது. காரணம் சிற்றலை கேட்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நெதர்லாந்து வானொலியும் கனடா சர்வதேச வானொலியும் 2012-இல் சிற்றலையை விட்டன. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியா, அதே ஏப்ரலில் பிபிசி தமிழோசை. நிலையங்கள் இப்படி ஒவ்வொன்றாகப் போனால் ரேடியோவை யார் வாங்குவார்கள்? 1977-இல் தொடங்கிய 7600 வரிசை அத்தோடு முடிந்தது.

இன்னும் சிற்றலையை விடாதவர்களுக்கு, கையடக்க செட்டில், மங்கி வரும் நிலையத்தைச் சிதறாமல் கேட்க உதவும் உருப்படியான சிங்க் வசதியும் வேண்டுமென்றால், நான் தேடிய நேரத்தில் இரண்டு வழிகள்தான் கண்ணில் பட்டன. ஒருவர் பயன்படுத்திய சோனியை வாங்குவது, அல்லது சீனத் தயாரிப்பான டெக்சன் பிஎல்-680-ஐப் புதிதாக வாங்குவது. நான் சோனியை வாங்கினேன். நண்பரிடம் பிஎல்-680 இருக்கிறது. இரண்டையும் மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

வசதிகளை மட்டும் எண்ணினால் டெக்சன்தான் முன்னால் நிற்கும். திருகி நிலையம் தேட குமிழ், 2000 நினைவிடங்கள் (சோனியில் 100), விமானப் பேச்சு கேட்கும் பட்டை, பக்கத்து நிலையத்தின் இடைஞ்சலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அகலம் குறுகல் என இரண்டு அலைவரிசை அகலங்கள், பேட்டரியை உள்ளேயே சார்ஜ் செய்யும் ஏற்பாடு. சோனியில் இவை எதுவும் கிடையாது. ஹாம் வானொலிக்காரர்களின் பேச்சைக் கேட்க உதவும் எஸ்எஸ்பி இரண்டிலும் உண்டு, நான்கு பென்சில் பேட்டரிதான் இரண்டுக்கும். எஃப்எம்மில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

சிங்க் விஷயத்தில் சோனி மேல். தூரத்து நிலையம் மங்கி மங்கி வரும்போது, அதன் சுமப்பலை (குரலைச் சுமந்து வரும் அலை) விழுந்த நொடியில் குரல் கரகரவென்று சிதறும். சிங்க் போட்டால் செட் தானே ஒரு சுமப்பலையை உருவாக்கிக் கொடுத்து அந்தச் சிதறலை அடக்கும். பக்கத்து நிலையம் இடித்தால், சுமப்பலையின் இருபுறமும் குரல் வரும் பக்கப்பட்டைகளில் இடிபடாததை மட்டும் கேட்கலாம். சோனி பிடித்த பிடியை விடுவதில்லை. நண்பரின் டெக்சன், சிக்னல் மெலிந்தால் பிடி நழுவி ஊளையிடுகிறது. ஒரே ஒரு பிஎல்-680-ஐக் கேட்டுவிட்டுச் சொல்வது இது, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது சிங்க் அல்ல, பராமரிப்பு. நின்றுபோன செட்டுக்குப் பராமரிப்பா என்று கேட்பீர்கள். சரி, இப்படிப்பட்ட ரேடியோவில் எவை கெடும் என்று பாருங்கள். முதலில் பேட்டரி ஒழுகித் தகடுகள் அரிக்கும். அப்புறம் ஏரியல் ஒடியும். பொத்தான்களின் அடியில் அழுக்கு சேரும். வருடங்கள் போனால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் வற்றும். இந்த நான்கையுமே ஊரில் கை பழகிய ஒரு மெக்கானிக்கால் சரிசெய்ய முடியும். கெபாசிட்டர்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவுகள். சோனியின் சர்வீஸ் கையேடு, முழு சர்க்யூட் படத்தோடு, ரசிகர்களிடம் வெகுகாலமாகப் புழங்குகிறது. எதைத் தொட்டால் எது சரியாகும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. சோனியில் குமிழ் இல்லை என்பதை எல்லோரும் குறையாகவே சொல்கிறார்கள். எனக்கும் ஆரம்பத்தில் பொத்தானை அமுக்கி அமுக்கித் தேடுவது அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சுழல் குமிழுக்குள் இருக்கும், திருகலை எண்ணாக மாற்றும் என்கோடர் தேயும் பொருள். யார் செய்ததானாலும் ஒரு நாள் அது தாவ ஆரம்பிக்கும், மேலே திருகினால் எண் கீழே இறங்கும். சோனியில் அந்தத் தொல்லைக்கே இடமில்லை. உள்ளேயே சார்ஜ் செய்யும் வசதியும் அப்படித்தான். சார்ஜ் ஏற்றக் கூடாத சாதாரண பேட்டரி கிடக்கும்போது தவறிச் சார்ஜில் போட்டுவிட்டால் அது ஒழுகலாம். தனி சார்ஜர் வைத்துக்கொள்வது செட்டுக்கு நல்லது.

சோனியின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதன் தனிச் சிப்புகளோ திரையோ போனால் புதிது வாங்க வழியில்லை. இன்னொரு பழைய செட்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். என் செட்டுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. வந்தால் இந்தக் கட்டுரையின் பாதி வாதம் விழுந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் பழையதை வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இருந்த செட் என்றால் இரண்டு முறை பாருங்கள். எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள். மத்திய அலை நன்றாக இழுத்து, சிற்றலை மட்டும் செவிடாக இருந்தால் வேண்டாம். மத்திய அலைக்கு உள்ளே ஃபெரைட் கம்பி இருக்கிறது, சிற்றலை வெளி ஏரியல் வழியாக வருகிறது. ஆகவே யாரோ நீளக் கம்பி கட்டி, இடியின் போது கழற்றாமல் விட்டு, உள்ளே சிக்னலை முதலில் வாங்கும் பகுதியைச் சுட்டிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் இது நடக்கக்கூடியதே. கடைசியாக, மங்கி வரும் ஒரு நிலையத்தில் சிங்க்கைப் போட்டு, நிற்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவு சோதிக்க வழியில்லாமல் படம் பார்த்து மட்டும் வாங்க வேண்டிய நிலை என்றால் பிஎல்-680-க்கே போங்கள். நின்றுபோன செட் என்பதால் சோனிக்கு விலை ஏற்றித்தான் சொல்கிறார்கள், அந்த விலைக்குக் கண்மூடித்தனமாக வாங்கக் கூடாது. டெக்சனின் பிஎல்-330 போன்ற சிறிய டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலாகக் கையாளும்) செட்டுகளை நான் கொஞ்ச நேரமே கேட்டிருக்கிறேன். கைக்கு அடக்கம். ஆனால் மெல்லிய சிக்னலில் ஒலியைத் தானாகவே தணித்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிஎல்-330-இல் இருக்கும் பிஎல்-5சி (BL-5C) பேட்டரி, பழைய நோக்கியா போன்களில் போட்ட அதே வகைதான், எந்த மொபைல் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.