செக் திரும்பி வருவதற்கு முன்பே படிக்க வேண்டியவை: வணிகச் சட்டம் கற்க எந்த வழி?

வியாபாரம் தொடங்குகிறவர்கள் ஜி.எஸ்.டி. பதிவையும் வங்கிக் கணக்கையும் முதல் மாதமே முடித்துவிடுகிறார்கள். சட்டத்தைப் பற்றிய நினைப்பு, பணம் எங்காவது மாட்டிக்கொண்ட பிறகுதான் வருகிறது. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் தையல் யூனிட்டானாலும், சிவகாசி அச்சகமானாலும், ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரமானாலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. கொடுத்த செக் திரும்பிவிட்டது. நம்பிக் கூட்டுச் சேர்ந்தவர் கணக்குக் காட்ட மறுக்கிறார். இவற்றின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வக்கீல் படிப்புத் தேவையில்லை. பத்தாம் வகுப்பு அளவுக்குப் படிக்கத் தெரிந்து, தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது என்பதால் எதை எடுப்பது என்று திகைப்பு வருவது இயல்பு. அவற்றை எடைபோட, எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: "வாடிக்கையாளர் தந்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. இனி எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும்?" நாள் தவறினால் வழக்குப் போடும் வாய்ப்பே கைவிட்டுப் போகும் விஷயம் இது. மழுப்பலான பதிலால் இதில் ஒரு பயனும் இல்லை.

சட்டத்தின் மூலப் பிரதி

முதலில் சட்டத்தையே கேட்போம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் மத்தியச் சட்டங்கள் திருத்தங்களோடு இலவசமாக இருக்கின்றன. செக் போன்ற ஆவணங்களுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் பிரிவு 138ஐத் திறந்தால், மூச்சுவிடாமல் ஓடும் ஒரு நீண்ட வாக்கியமும் அதன் கீழ் மூன்று நிபந்தனைகளும் இருக்கும். செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்கள், செக் கொடுத்தவருக்கு அவகாசம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். ஆனால் இந்தக் கடைசிக் கெடு 138இல் இல்லை. 142ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் பதில் கிடைக்கும் என்று முதன்முறை படிக்கிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

இன்னும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. செக்கை ஆறு மாதத்துக்குள் அல்லது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் வங்கியில் செலுத்த வேண்டும் என்கிறது 138. அந்தச் செல்லுபடிக் காலத்தை ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. அந்த உத்தரவு சட்டப் பிரதிக்குள் இல்லை. சட்டத்தை மட்டும் படித்தவர், ஆறு மாதம் இருக்கிறது என்று செக்கைப் பீரோவில் பூட்டி வைக்கக்கூடும். செல்லுபடிக் காலம் இருக்கும்வரை செக்கை மறுபடியும் வங்கியில் போடலாம். முதல் முறை வழக்குப் போடாமல் விட்டிருந்தாலும் அடுத்த முறை திரும்பியதை வைத்து வழக்குத் தொடரலாம் என்று எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் சொன்னதையும் அந்தப் பக்கத்தில் தேட முடியாது.

இப்படிச் சொல்வதால் மூலப் பிரதியை ஒதுக்கிவிடக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 நான் அறிந்த சட்டங்களில் சாதாரண வாசகருக்கு மிக நெருக்கமானது. காரணம், பிரிவுகளுக்குக் கீழே அதை எழுதியவர்களே தந்த எடுத்துக்காட்டுகள். கைமாறாக எதுவும் இல்லாமல் ஆயிரம் ரூபாய் தருவதாக ஒருவர் சொன்னால் அந்த உடன்பாடு செல்லாது என்கிறது பிரிவு 25. அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகளில் இன்னொன்று: ஒருவர் தொலைத்த பணப்பையை மற்றவர் கண்டெடுத்துக் கொடுக்கிறார், ஐம்பது ரூபாய் தருகிறேன் என்று தொலைத்தவர் சொல்கிறார், இது ஒப்பந்தம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், விதி எங்கே முடிகிறது, விலக்கு எங்கே தொடங்குகிறது என்பது தானாகப் பிடிபடும். நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் பிரிவு 128ஐ மட்டுமாவது படித்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று அது சொல்கிறது. எத்தனையோ குடும்பங்களின் வீட்டுப் பத்திரம் இந்த ஒரு வரி தெரியாததால் வங்கிக்குப் போயிருக்கிறது.

சில மத்தியச் சட்டங்களுக்கு அதிகாரபூர்வமான தமிழ் வடிவமும் உண்டு. 1973இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. எந்த ஆண்டுத் திருத்தம் வரை சேர்ந்த பிரதி என்று பார்த்துவிட்டுப் படிப்பது அவசியம்.

சி.ஏ. பவுண்டேஷன் பாடநூல்

ஒன்றே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் என் தேர்வு இது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், பவுண்டேஷன் தேர்வுக்கான வணிகச் சட்டப் பாடங்களைத் தன் இணையதளத்தில் பி.டி.எப். கோப்புகளாக இலவசமாக வைத்திருக்கிறது. அந்தப் படிப்பில் சேராதவர்களும் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) சட்டம், கம்பெனிச் சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்று ஒரு வியாபாரி கேள்விப்படும் பெரும்பாலான சட்டங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அதன் பலம் கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது. ஒரு சம்பவம் சொல்லப்படும், அதற்குரிய சட்ட விதி வரும், பிறகு முடிவு. விற்ற சரக்கு வழியில் சேதமானால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றிவிட்டதால் இனி வாங்கியவர் பாடு என்று நினைப்பவர்களும் உண்டு, கடைக்குப் போய்ச் சேரும்வரை விற்றவர் பாடு என்று நினைப்பவர்களும் உண்டு. வேறு உடன்பாடு இல்லாதபோது, சரக்கின் உரிமை எப்போது கைமாறியதோ அப்போதே நட்டப் பொறுப்பும் கைமாறும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. உரிமை எப்போது மாறுகிறது என்பதற்கு அதற்கு முந்தைய பிரிவுகள் இருக்கின்றன. மூலப் பிரதியில் இவற்றைக் கோப்பதற்குள் தலை சுற்றிவிடும். பாடநூல், நான்கைந்து சம்பவங்களை வைத்து அதைப் பழக்கிவிடுகிறது.

கூட்டாண்மைப் பகுதியும் அப்படித்தான். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்ற வரி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். 69ஆம் பிரிவைச் சம்பவத்தோடு படித்தவருக்கு அந்த நிம்மதி போய்விடும், போகவும் வேண்டும். பதிவு செய்யாத நிறுவனம், தனக்கு வர வேண்டிய ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குத் தொடர முடியாது. வெளியாள் நிறுவனத்தின் மேல் தாராளமாகத் தொடரலாம்.

நம் செக் கேள்வியில் இந்தப் பாடநூலுக்கு முழு மதிப்பெண் தரமாட்டேன். மாற்றுமுறை ஆவணங்களின் அடிப்படை தெளிவாகும். நாள் கணக்கை 138, 142 பிரிவுகளின் மூலத்தோடு ஒப்பிட்டுத்தான் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாடநூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது என்பது பெரிய குறை. தேர்வுக்கென்று எழுதியது என்பதால் கம்பெனிச் சட்டத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தனி ஆளாகத் தொழில் செய்பவர் அதை இப்போதைக்குத் தாண்டிவிடலாம்.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 'ஈ-ஞானகோஷ்' இணையதளப் பாடங்களும் இதே வகைதான். நடை சற்று எளிது. இடையிடையே நாமே சோதித்துக்கொள்ளக் கேள்விகள் வரும். பழைய பாடத்திட்டத் தொகுதிகளும் அங்கேயே இருப்பதால் ஆண்டைப் பார்த்து எடுக்க வேண்டும்.

தமிழிலேயே தொடங்க வேண்டும் என்றால்

பலர் கண்ணில் படாமல் கிடக்கும் நல்ல வாசல் ஒன்று உண்டு: தமிழ்நாடு அரசின் மேல்நிலை வகுப்பு வணிகவியல் பாடநூல்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒப்பந்தச் சட்டமும், பன்னிரண்டாம் வகுப்பில் சரக்கு விற்பனை, மாற்றுமுறை ஆவணச் சட்டங்களும் தமிழ்வழியில் இருக்கின்றன. இணையத்தில் இலவசம். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் (கைமாறு) என்ற சொற்கள் மனத்தில் நின்றுவிட்டால் பிறகு எந்த நூலைப் படித்தாலும் பயம் இருக்காது. பள்ளி மாணவர்களுக்கான நூல் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. செக் திரும்பினால் நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடரும் அளவுக்கு வழிகாட்டும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. அது அந்த நூலின் வேலையும் அல்ல.

பி.காம். மாணவர்களுக்கான கைடுகளைப் பழைய புத்தகக் கடையில் மலிவாக வாங்கலாம். வாங்குமுன் செக் பகுதியைத் திறந்து பாருங்கள். நோட்டீஸ் அனுப்ப 15 நாள் என்று இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதை 30 நாளாக்கிய திருத்தம் 2002ஆம் ஆண்டினுடையது. கம்பெனிச் சட்டம் 1956 என்றோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 என்றோ நடப்புச் சட்டம் போல எழுதியிருந்தாலும் அதே தீர்ப்புதான். இப்போது நடப்பில் இருப்பவை 2013, 2019ஆம் ஆண்டுச் சட்டங்கள்.

காணொளிகளும் செயற்கை நுண்ணறிவும்

என்பிடெல், ஸ்வயம் என்ற அரசின் இணையவழிக் கல்வித் தளங்களில் வணிகச் சட்ட வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். வாரந்தோறும் பயிற்சிக் கேள்விகள் வருவதால் தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்கு ஏற்றது. அவசரத்துக்குப் பதில் தேடுகிறவருக்கு ஏற்றதல்ல.

யூடியூபில் தமிழ் வழக்கறிஞர்கள் சிலர் மிக நன்றாகச் சொல்கிறார்கள். நோட்டீஸ் எப்படி இருக்கும், நீதிமன்றத்தில் முதல் நாள் என்ன நடக்கும் என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காத விஷயங்கள். சிக்கல், பதிவேற்றிய தேதி. செக் வழக்கை எந்த ஊரில் போடுவது என்பதில், செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊர்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, கணக்கில் போட்ட செக்குக்கு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் ஊர் என்றாயிற்று. இடைப்பட்ட அந்தக் காலத்துக் காணொளி ஒன்றைப் பார்த்தவர், ஈரோட்டில் போட வேண்டிய வழக்குக்காக சூரத் வரை போக வேண்டுமே என்று பயந்து விட்டுவிடக்கூடும். பிரிவு எண் சொல்லாத காணொளியை நம்ப வேண்டாம். சொன்னால் அந்தப் பிரிவை இந்தியா கோட் தளத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைக் கடினமான பிரிவை எளிமையாக்கித் தரச் சொல்லலாம். தீர்ப்புகளை அவற்றிடம் கேட்டு அப்படியே நம்புவது ஆபத்து. 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தீர்ப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க 'இந்தியன் கானூன்' தளம் இலவசமாக இருக்கிறது.

இவை எதிலும் சரியாகக் கிடைக்காத ஒன்று

சிறு தொழில் செய்பவருக்கு ஒப்பந்தச் சட்டத்துக்கு அடுத்து நான் முக்கியமாகக் கருதுவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. பவுண்டேஷன் பாடத்தில் இதற்குத் தனி அத்தியாயம் இல்லை. சட்டத்தின் 15 முதல் 24 வரையிலான பிரிவுகளை நேராகப் படித்துவிடலாம், சில பக்கங்கள்தான்.

குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. எழுத்தில் எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. புகாரைத் தொழில் வசதியாக்கக் குழுவிடம் கொண்டுபோகலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று பில் பாக்கிக்காக அலையும் யூனிட்காரர்கள் இந்தப் பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை, வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே முடித்துவைப்பதுதான் பாதுகாப்பு. அடுத்தது, வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு உண்டு என்றாலும் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே. திருப்பூர் தையல் யூனிட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவசம், ஈரோட்டு மொத்த வியாபாரிக்குக் கிடைக்காது. அவர் ஒப்பந்தச் சட்டத்தையும் செக் சட்டத்தையும் நம்பித்தான் தொழில் செய்ய வேண்டும்.

யாருக்கு எது

ஆங்கிலம் தடையில்லாதவர்கள் பவுண்டேஷன் பாடநூலில் தொடங்கி, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அதற்குரிய பிரிவுகளை மூலப் பிரதியில் பார்த்துவிட்டால் சில மாதங்களில் நல்ல பிடிமானம் வந்துவிடும். தமிழில் படிப்பவர்கள் பள்ளி நூலிலிருந்து தொடங்கி, புதிய தமிழ்க் காணொளிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் செக்கோ பில் பாக்கியோ ஏற்கெனவே நிற்கிறது என்பவர்கள் வரிசையெல்லாம் பார்க்காமல் 138, 142 பிரிவுகளையும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இன்றே திறக்க வேண்டும்.

அந்த நிலையில் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. கட்டணத்துக்குத் தயங்குகிறவர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. சிறு கடை நடத்தும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது திரும்பிய செக், வங்கி தந்த மெமோ, பில், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.